கன்சோலை டிவியில் மாட்டுவது: கேட்டதும் சொன்னதும்

கேம் கன்சோலை டிவியோடு இணைப்பதில் என்ன சந்தேகம் என்றாலும் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்ததில் பாதி பழைய பிஎஸ்2 (ப்ளேஸ்டேஷன் 2) பற்றியது, அதனால் அதையே முதலில் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணா, பரணில் கிடந்த பிஎஸ்2-ஐ இறக்கினேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு ஒயர். புது டிவியில் மஞ்சள் ஓட்டையே இல்லை. பச்சை, நீலம், சிவப்பு, அப்புறம் வெள்ளை, இன்னொரு சிவப்பு.

பதில்: மஞ்சளைப் பச்சையில் சொருகு தம்பி. டார்ச் அடித்துப் பார்த்தால் அந்தப் பச்சை வளையத்தில் பாதி மஞ்சளாக இருக்கும், இல்லையென்றால் பக்கத்தில் வீடியோ என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். சிவப்பு இரண்டு இருப்பதில்தான் எல்லாரும் தடுமாறுவது: நீலத்தை ஒட்டியிருப்பது படத்துக்கு, வெள்ளையை ஒட்டியிருப்பது சத்தத்துக்கு, உனக்கு வேண்டியது இரண்டாவது. மாட்டிய பிறகு படம் கருப்பு வெள்ளையாக வந்தால் ஒயர் கெட்டுவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதே, டிவி அதைக் கம்போனன்ட் (படத்தைப் பச்சை, நீலம், சிவப்பு என்று மூன்று ஒயரில் அனுப்பும் முறை) என்று நினைத்துக்கொண்டிருக்கிறது, சோர்ஸில் ஏவி-க்கு, அதாவது மஞ்சள் ஒயர் முறைக்கு மாற்று.

இன்னும் தெளிவாக வேண்டுமென்றால் ஐந்து பின் உள்ள கம்போனன்ட் கேபிள் வாங்கலாம், அந்தக் காசுக்குத் தகும். ஆனால் மஞ்சள் ஒயரில் இருக்கும்போதே பிஎஸ்2-இன் சிஸ்டம் கான்ஃபிகரேஷனுக்குள் போய் கம்போனன்ட் வீடியோ அவுட் என்பதை ஆர்ஜிபி-யிலிருந்து ஒய் பிபி பிஆர்-க்கு மாற்றிவிட்டுத்தான் கேபிளை மாற்ற வேண்டும், மறந்தால் படம் முழுக்கப் பச்சை பூசியது போல வரும். பிஎஸ்1 டிஸ்க் போட்டால் மட்டும் படம் வரவில்லையா? அது அனுப்பும் 240பி என்ற பழைய குறைந்த ரெசொல்யூஷன் சிக்னலைச் சில டிவிகள் கம்போனன்டில் ஏற்காது, அதற்கு மறுபடி மஞ்சள்தான்.

கேள்வி: என் டிவியில் அந்த வண்ண ஓட்டை எதுவும் இல்லை சார், எச்டிஎம்ஐ மட்டும்தான்.

பதில்: ஏவி இன் என்று ஹெட்போன் ஓட்டை மாதிரி ஒன்று இருக்கிறதா பாருங்கள், இருந்தால் டிவியோடு வந்த குட்டி ஒயரைத் தேடுங்கள். வெளியில் வாங்கும் ஒயரில் பின் வரிசை மாறியிருக்கும், படம் வராமல் உர்ர் என்று சத்தம் வந்தால் மஞ்சளையும் சிவப்பையும் இடம் மாற்றிப் பார்க்கலாம். அதுவும் இல்லையென்றால் கன்வெர்ட்டர். ஏவி டு எச்டிஎம்ஐ என்று கேட்டு வாங்குங்கள், எச்டிஎம்ஐ டு ஏவி இல்லை. பார்க்க இரண்டும் ஒரே டப்பாதான். நானே ஒருமுறை கடைக்காரர் கொடுத்ததை அப்படியே வாங்கி வந்து ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து மாற்றி மாற்றிச் சொருகிக்கொண்டிருந்தேன்.

கேள்வி: வேறு டிவிக்கு மாற்றியதிலிருந்து பிஎஸ்3-இல் வெறும் கருப்பு. விளக்கு மட்டும் பச்சையாக எரிகிறது.

பதில்: பழைய டிவியின் ரெசொல்யூஷனிலேயே நிற்கிறது. சிவப்பு விளக்கு வரும்வரை அணைத்துவிட்டு, பவர் பட்டனை அழுத்தியபடியே இருங்கள். ஒரு பீப், சில நொடி கழித்து இரண்டாவது பீப், அப்போது கையை எடுங்கள், படம் வந்துவிடும்.

கேள்வி: நின்டெண்டோ ஸ்விட்ச் கன்சோலை டாக்கில் (டிவியோடு இணைக்கும் ஸ்டாண்டில்) வைத்தால் சார்ஜ் ஏறுகிறது, டிவியில் ஒன்றும் வரவில்லை.

பதில்: போன் சார்ஜர் போட்டிருப்பீர்கள். டிவியில் காட்ட அதற்கு 15 வோல்ட் வேண்டும், கூட வந்த அடாப்டரையே போடுங்கள்.

கேள்வி: பையன் பட்டன் அழுத்தினால் ஆள் தாமதமாகக் குதிக்கிறான் என்று தினமும் சண்டை. புது கன்ட்ரோலர் வாங்க வேண்டுமா சார்?

பதில்: வேண்டாம் மேடம், காசை வைத்துக்கொள்ளுங்கள். டிவி படத்தை அழகுபடுத்திக் காட்டுவதற்கு எடுத்துக்கொள்ளும் நேரம் அது. பிக்சர் செட்டிங்கில் கேம் மோட் போடுங்கள். சத்தமும் பிந்தினால் ப்ளூடூத் ஸ்பீக்கரைக் கழற்றிவிட்டுப் பாருங்கள்.

கேள்வி: பிஎஸ்5, 120 ஹெர்ட்ஸ் டிவி, பெட்டியோடு வந்த கேபிள். ஆனாலும் 60-க்கு மேல் காட்டவில்லை ப்ரோ.

பதில்: கேபிளில் குறையில்லை. டிவியின் எல்லா எச்டிஎம்ஐ-யும் ஒன்றில்லை, 4கே 120 என்று எழுதிய ஓட்டையில்தான் மாட்ட வேண்டும். மாட்டினாலும் அந்த போர்ட்டைத் திறந்துவிட வேண்டும்: சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மட் என்று இருக்கும். சில டிவிகளில் அப்படிப்பட்ட ஓட்டை இரண்டுதான், அதில் ஒன்று இஆர்க் (டிவியின் சத்தத்தை வெளியே அனுப்பும் ஓட்டை), அங்கே ஏற்கெனவே சவுண்ட்பார் குடியிருக்கும்.

கேள்வி: மாமா அமெரிக்காவிலிருந்து கன்சோல் கொண்டு வந்தால் நம் கரண்டுக்கு எரிந்துவிடுமா?

பதில்: பிஎஸ்4, பிஎஸ்5 என்றால் பயமில்லை, 240 வோல்ட் வரை தாங்கும், பிளக் மட்டும் மாற்றினால் போதும். பிஎஸ்2 காலத்துப் பெட்டி என்றால் அடியில் ஒட்டிய சீட்டைப் படிக்காமல் சுவரில் சொருகாதீர்கள். 120 வோல்ட் என்று மட்டும் இருந்தால் வோல்ட்டைக் குறைத்துக் கொடுக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் அவசியம்.

கேள்வி: சின்ன வயதில் விளையாடிய கேசட் டிவி கேம் கிடைத்தது அண்ணா! எல்லாம் ஓடுகிறது, துப்பாக்கியால் சுட்டால் மட்டும் வாத்து விழ மாட்டேன் என்கிறது.

பதில்: எல்இடி டிவியில் விழாது. விசையை இழுத்ததும் திரை ஒரு கணம் கருத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும், துப்பாக்கி முனையில் உள்ள சென்சார் அதே கணத்தில் அந்த வெளிச்சத்தைப் பார்த்தாக வேண்டும். புது டிவி கொஞ்சம் தாமதமாகக் காட்டுவதால் அது பார்க்கும்போது இருட்டுதான். கேம் மோட் போட்டாலும் இதற்கு வேலை செய்யாது. 2006-க்கு அப்புறம் அரசு வீட்டுக்கு வீடு கொடுத்த 14 இஞ்ச் பிக்சர் டியூப் கலர் டிவி சொந்தக்காரர் யார் வீட்டிலாவது இன்னும் எடைக்குப் போகாமல் இருக்கிறதா என்று விசாரியுங்கள், அதில் விழும்.