பிடி அரிசி எவ்வளவு தூரம் போகும்?

கேள்வி: சாதாரண கிறிஸ்தவர்கள் அன்றாடம் செய்யும் சின்னச் சின்ன விசுவாசச் செயல்களால் வெளியுலகில் ஏதாவது நடக்குமா?

நடக்கும். ஆனால் பிரசங்கத்தில் சொல்வதுபோல அற்புதமாக நடக்காது, யாராவது சாக்கைச் சுமக்கணும்.

ஆச்சி வீடு திருநெல்வேலிப் பக்கம். அரிசியைக் களையுமுன் ஒரு பிடி எடுத்து, அடுக்களை மூலையில் இருக்கும் பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலில் போடுவாள். சனிக்கிழமை கோயில்குட்டி, அதாவது சர்ச் பணியாள், அதை வாங்கிப்போகச் சாக்கோடு வருவார். ஒருநாள் திடீரென்று விருந்தாளிகள் வந்து அரிசி பத்தவில்லை. நான் பாட்டிலைக் கவிழ்க்கப் போனேன். "ஏலே, அது நம்ம அரிசி இல்ல. பக்கத்து வீட்டுல ஒரு உழக்கு கடன் வாங்கிட்டு வா" என்றாள்.

சாக்கில் புழுங்கல், பச்சரிசி, ரேஷன் அரிசி எல்லாம் கலந்து கிடக்கும். வடித்தால் பாதி குழையும், பாதி நறுக்கென்று நிற்கும். ஆனாலும் கோயிலில் ஏலம் விடும்போது கடை விலைக்கு மேல் கேட்டு எடுக்க ஆள் இருந்தது!

இப்படிக் கொடுத்துப் பழகிய ஊர் இது. 1903-ல் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனரி சங்கத்தைத் தொடங்கினார்கள். இந்திய ஆள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது கொள்கை. தெலுங்கு நாட்டில் டோர்ணக்கல்வரை ஆள் போனது. அதை முன்னின்று தொடங்கிய அசரியா 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயரானார்.

பிடி அரிசியின் பெரிய கணக்கைப் பார்க்கணும் என்றால் மிசோரம் போகணும். அங்கே அதற்கு 'புஹ்ஃபாய் தாம்' என்று பெயர். 1910 வாக்கில் பிரஸ்பிட்டேரியன் சபைப் பெண்கள் தொடங்கியது. வேளாவேளைக்குச் சமைக்கும்போது ஒரு பிடி ஒதுக்கி வைப்பார்கள். சேர்ந்ததைச் சபை விற்றுக் காசாக்கும். இன்று அது வருஷத்துக்குக் கோடிக்கணக்கில் வருகிறது. அந்தச் சபை அசாம், திரிபுரா, அருணாசலப் பிரதேசம் என்று ஊழியர்களை அனுப்பி, பள்ளிக்கூடங்களும் நடத்துகிறது.

மதம் பரப்பத்தானே என்று கேட்பீர்கள். அதுவும்தான், மறைக்க ஒன்றுமில்லை. எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. ஆச்சி கையில் காசு புழங்கியதே இல்லை. தாத்தாவைக் கேட்காமல் அவள் எடுத்துக் கொடுக்க முடிந்தது அந்த அரிசி ஒன்றுதான். கொடுப்பவள் என்ற இடம் அவளுக்கு அதில் கிடைத்தது.

எங்கள் சபையில் இப்போது மாதக் காணிக்கைக் கவர் வந்துவிட்டது. போன ரெண்டு மாசமாக நான் போட மறந்துவிட்டேன்.