பத்திரிகைப் பக்கமெல்லாம் ஏன் இப்ப வெப்சைட் மாதிரியே இருக்கு?

கும்பகோணத்துல கோயில் மலர், ஊர் இதழ்னு லேஅவுட் பண்றேன், நான் பாத்தவரைக்கும் காரணம் வாசகரோட கண்ணு போனுக்குப் பழகிடுச்சு, பக்கம் முழுக்க எழுத்தா ஓடுனா புரட்டிட்டுப் போயிடுறாங்க, அதான் பெட்டிச் செய்தி, ஐகான், பெரிய படம்னு உடைச்சு வைக்கிறோம். இது புதுசும் இல்ல, 1982ல வந்த அமெரிக்க நாளிதழ் யுஎஸ்ஏ டுடே, டிவியைப் பாத்துதான் கலரும் குட்டிச் செய்தியுமா பக்கம் போட்டுச்சு, 1993ல வயர்டுங்கிற அமெரிக்க டெக்னாலஜி பத்திரிகையில பளீர்னு ஃப்ளோரசன்ட் மையே போட்டு அடிச்சாங்க.

ஆனா ஸ்க்ரீன் ஆர்ஜிபி (சிவப்பு, பச்சை, நீல ஒளி), அச்சு சிஎம்ஒய்கே (சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு மை). மானிட்டர்ல மின்னுற குறுவை நாத்துப் பச்சை பேப்பர்ல மங்கிடும், அதனால ப்ரூஃப், அதாவது மாதிரி அச்சு, எடுத்துப் பாக்காம அச்சுப் பிளேட்டுக்கு அனுப்பாதீங்க. வாட்ஸாப் படம் வேணாம், அது சுருங்கி வரும், அச்சு சைஸ்ல 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளி) இருக்கணும். லிங்க் தரணும்னா க்யூஆர் கோடு வைங்க, சுத்தி வெள்ளை இடம் விடலைன்னா சரியா ஸ்கேன் ஆகாது.