படம் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் எங்கோ இடிக்கிறது

கேள்வி: கடலூர் முதுநகரில் இருந்து எழுதுகிறேன். 50 எம்.எம். லென்ஸ் வாங்கி ஒரு வருடம் ஆகிறது. யாரிடம் காட்டினாலும் ‘சூப்பர்’ என்கிறார்கள். எனக்குத்தான் எங்கோ இடிக்கிறது, என்னவென்று சொல்லத் தெரியவில்லை. பாண்டிச்சேரியில் மஞ்சள் சுவர் ஓரமாக எங்கள் ஆயாவை எடுத்த படத்தை அனுப்பியிருக்கிறேன். படத்தை விமர்சிக்க எப்படிப் பழகுவது?

பதில்: நன்றாக இருக்கிறதா இல்லையா என்ற பேச்சைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். படத்தைத் திறந்ததும் கண் முதலில் எங்கே போனது? உங்கள் படத்தில் என் கண் ஆயாவிடம் போகவில்லை. வெயில் பட்டுப் பளீரென்று கிடந்த சுவர் மூலைக்குப் போய், அப்புறம்தான் முகத்துக்கு வந்தது. எங்கே வெளிச்சம் தூக்கலோ, கண் பெரும்பாலும் அங்கேதான் ஓடும்.

அடுத்து, கருவிழியைப் பெரிதாக்கிப் பாருங்கள். இதை யார் எடுத்த படத்திலும் செய்யலாம். எனக்கு மிகவும் பிடித்த துப்பறியும் வேலை இது. அங்கே ஒரு வெளிச்சப் புள்ளி தெரியும். சதுரமாக இருந்தால் அநேகமாக ஜன்னல். கடிகாரத்தில் பத்து அல்லது இரண்டு மணி இருக்கும் இடத்தில் விழுந்திருந்தால், வெளிச்சம் பக்கவாட்டில், சற்று மேலிருந்து வந்திருக்கிறது. ஆயாவின் கண்ணில் புள்ளியே இல்லை. கண்குழி இருண்டு, மூக்கின் நிழல் உதட்டில் விழுகிறது. உச்சி வெயிலில் எடுத்திருக்கிறீர்கள், சரிதானே?

நிறத்துக்கு வருவோம். சுவர்ப் பக்கக் கன்னம் மஞ்சள் காமாலை வந்த மாதிரி இருக்கிறது. கேமராவைத் திட்டாதீர்கள். சுவரில் பட்ட வெயில் மஞ்சளாகத் திரும்பி முகத்தில் விழுகிறது. ஒயிட் பேலன்ஸை (படத்தின் மொத்த நிறச் சாயலைச் சரிசெய்யும் அமைப்பு) மாற்றினால் அந்தக் கன்னம் சரியாகும், மறுபக்கம் நரைமுடி நீலம் பாய்ந்துவிடும். சுவரை விட்டு நாலைந்து அடி தள்ளி நிற்கச் சொல்லியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

போகஸ் மூக்குத்தியில் விழுந்திருக்கிறது, கண் மங்கல். ஏபிஎஸ்-சி கேமராவில் (சென்சார் சற்றுச் சிறிய வகை) இந்த லென்ஸின் துளையை, அதாவது அபர்ச்சரை, 1.8 வைத்து ஒரு மீட்டரில் எடுத்தால், முன்னும் பின்னும் சேர்த்துத் தெளிவாக விழுவது 3 செ.மீ. கூட இல்லை. துளையைச் சுருக்கி 4 வைத்தால் சுமார் 6 செ.மீ. பின்னால் எல்லாம் கலங்கித் தெரிய வேண்டும் என்ற ஆசையில் எல்லோரும் 1.8ஐ விட மாட்டேன் என்கிறோம்.

பழக்கத்துக்கு, வாரம் ஒருவர் எடுத்த போர்ட்ரெய்ட் ஒன்றை எடுத்து மூன்று வரி எழுதுங்கள்: கண் எங்கே போனது, வெளிச்சம் எங்கிருந்து வந்தது, நான் எடுத்திருந்தால் எதை மாற்றுவேன். உங்கள் சொந்தப் படத்தை மட்டும் இரண்டு வாரம் ஊறப் போட்டுப் பாருங்கள். அன்று வெயிலில் பட்ட பாடு மறந்தால்தான் படம் படமாகத் தெரியும். நண்பர் படத்தைப் பற்றிச் சொல்லும்போது, என்ன நினைத்து எடுத்தார் என்று முதலில் கேட்டுவிடுங்கள். ஒரு கல்யாண வீட்டில் நான் கேட்காமலே, “தலையில் விளக்குக் கம்பம் முளைத்திருக்கிறது” என்றேன். எடுத்தவர் மாப்பிள்ளையின் மாமா. சாப்பாட்டுப் பந்தி வரைக்கும் என் பக்கம் திரும்பவில்லை.

ஆயாவை மறுபடி எடுங்கள். வெயில் நேரமே ஆனாலும் சரி, தெருத் திண்ணை ஓரத்தில், கூரை நிழலுக்குள், தெருவைப் பார்த்து உட்கார வையுங்கள். எதிர்ச் சுவர் மட்டும் மஞ்சளாக இருக்கக் கூடாது.