1944 ரங்கூனில் ஒற்றர் காதல்: நாயகி நாயகனைச் சந்தேகிக்க வலுவான காரணம் எது?

துப்பாக்கி, ரகசிய வானொலி எல்லாம் பழசாகிவிட்டன. என் யோசனை: ஒரு இரண்டு ரூபாய் நோட்டு.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. அவர்கள் அச்சிட்ட ரூபாய் நோட்டுகளில் வரிசை எண்கூடக் கிடையாது. ஆங்கில எழுத்துகள்தான் இருக்கும். பழைய பிரிட்டிஷ் பணத்தைப் பதுக்கி வைத்தவர்கள் உண்டு என்பதால், அது ஒருவரிடம் இருப்பது மட்டும் குற்றத்துக்குச் சாட்சியாகாது. ஆனால் இந்திய ரிசர்வ் வங்கி இரண்டு ரூபாய் நோட்டை வெளியிட்டதே 1943-இல்தான். நாயகனின் சட்டையைத் துவைக்கும்போது அது அகப்பட்டால், எல்லைக்கு அப்பாலிருந்துதான் வந்திருக்க வேண்டும். ஜப்பானிய ராணுவப் போலீஸான கெம்பேய்தாய் கண்ணில் பட்டால் அவன் கதை முடிந்தது.

அதே சமயம் இந்திய எல்லையை ஒட்டிய அரக்கான் போர்முனையில் பிடிபட்ட பிரிட்டிஷ் தரப்புச் சிப்பாயின் பையிலிருந்து எடுத்ததாகவும் அவன் சொல்லலாம். அதைப் பொய்யென்று அவளால் நிரூபிக்க முடியாது. கதைக்கு இதைவிட வேறென்ன வேண்டும்?

விசுவாசச் சிக்கலை நீங்கள் புதிதாகக் கற்பிக்கத் தேவையில்லை. இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்த போர்க்கைதிகள் முன்பு பிரிட்டிஷ் மன்னருக்குச் சத்தியம் செய்தவர்கள். நாயகி அந்த ராணுவத்தின் பெண்கள் பிரிவான ஜான்சி ராணி படையில் இருந்தால், அவனைக் காட்டிக்கொடுப்பது அவள் கடமை.

உச்சக்கட்டத்தை 1945 மார்ச் 27-க்கு நகர்த்துங்கள். அதுவரை ஜப்பானியரோடு இருந்த, பர்மியத் தலைவர் ஆங் சானின் படையே அன்று ஜப்பானியருக்கு எதிராகத் திரும்பிவிட்டது.