எதிரியின் ஃபிளிக்கர் எப்போது திரும்பும்?

சுங்கை சிப்புட் வட்டாரத்துச் செம்பனைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஐந்தாம் படிவ மாணவர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அண்ணன், சித்தப்பா மகன், பள்ளி நண்பர்கள் இருவருடன் சேர்ந்து மொபைல் லெஜெண்ட்ஸ் என்ற ஐவருக்கு ஐவர் மோதும் கைப்பேசி ஆட்டம் ஆடுகிறேன். ஈப்போ அணிகளிடம் தோற்றுக்கொண்டே இருக்கிறோம். எங்கள் ஸ்கில் தீர்ந்த நேரம் பார்த்துத்தான் அவர்கள் பாய்கிறார்கள். எதிரிகளின் கூல்டவுனை (ஒரு ஸ்கில் மறுபடி தயாராக ஆகும் நேரத்தை) நாங்களும் கணக்கு வைப்பது எப்படி? இன்னொரு கைப்பேசியில் ஸ்டாப்வாட்ச் ஓட்டலாமா? இதற்கென்றே செயலி இருப்பதாகச் சொல்கிறார்களே?"

தம்பி, ஸ்டாப்வாட்ச் வேண்டாம். திரையின் மேற்பகுதியில் ஓடும் ஆட்டக் கடிகாரமே போதும். செயலி விஷயத்தைக் கடைசியில் சொல்கிறேன்.

எதிரணியில் ஐந்து பேர். ஆளுக்குக் குறைந்தது மூன்று ஸ்கில், கூடவே ஆட்டத்துக்கு முன் தேர்ந்தெடுத்த பேட்டில் ஸ்பெல் என்ற தனித் திறன் ஒன்று. இருபதையும் மனத்தில் ஓட்டிக்கொண்டே ஆடும் மனிதரை நான் பார்த்ததில்லை. அடிக்கடி திரும்பும் சிறு ஸ்கில்களை எண்ணவே எண்ணாதீர்கள். அவற்றைக் கண்ணால் பார்த்து அந்தக் கணமே பயன்படுத்திக்கொள்ள வேண்டும். ஆளை இழுக்க ஃபிராங்கோ என்ற வீரர் வீசும் கொக்கி குறி தவறியதா, உடனே அவர் மேல் விழுங்கள். எண்ணத் தொடங்கினால் வாய்ப்பு போய்விடும்.

எண்ண வேண்டியது நீண்ட கூல்டவுன்களை. அவற்றிலும் முதலிடம், கண நேரத்தில் சற்றுத் தொலைவு தாவவைக்கும் ஸ்பெல்லான ஃபிளிக்கருக்கு. அது திரும்ப 120 வினாடி ஆகும். முடக்கத்திலிருந்து விடுவிக்கும் பியூரிஃபை 90 வினாடி, காட்டு விலங்குகளைப் பலமாக அடிக்கும் ரெட்ரிபியூஷன் 35 வினாடி. ஆட்டம் புதுப்பிக்கப்படும்போது இந்த எண்கள் மாறக்கூடும் என்பதால், போட்டிக்கு முன் ஸ்பெல் பட்டியலை ஒருமுறை திறந்து பார்த்துவிடுங்கள். யார் எந்த ஸ்பெல் எடுத்திருக்கிறார் என்பதை ஆட்டம் ஏறும்போது வரும் திரையே காட்டிவிடுகிறது. பெரும்பாலோர் அந்த நேரத்தில்தான் தண்ணீர் குடிக்கப் போகிறார்கள்!

அல்டியை, அதாவது ஒரு வீரரின் மிகப் பெரிய ஸ்கில்லை, எண்ணக் கூடாதா என்று கேட்பீர்கள். எண்ணலாம், ஆனால் அது தோராயக் கணக்குதான். அல்டியின் நிலை உயர உயரக் கூல்டவுன் பொதுவாகக் குறையும். ஆட்டத்தில் தங்கம் கொடுத்து வாங்கும் பொருள்களால் மேலும் குறையும், வழக்கமான உச்சவரம்பு 40 விழுக்காடு. அதாவது 40 வினாடி அல்டி 24 வினாடியிலேயே தயாராகிவிடலாம். அந்தப் பொருள்கள் பேட்டில் ஸ்பெல்லைத் தொடுவதில்லை. ஆட்டத்துக்கு முன் தேர்ந்தெடுக்கும் எம்பளத்தின் திறன் மூலம் அதைக் கொஞ்சம் குறைக்க வழி உண்டு, அவ்வளவுதான். ஆகவே உங்களைப் போன்ற புதிய அணிக்கு ஸ்பெல் கணக்கே நம்பகமானது.

இனி முறைக்கு வருவோம். ஃபிளிக்கர் போனதும் "போச்சு, போச்சு" என்று கத்துவதால் பயனில்லை. மளிகைக் கடைக்காரர் கடன் நோட்டில் வாங்கியவர் பெயரை எழுதிவிட்டுத் தவணைத் தேதியை விட்டுவிட்டது போலத்தான் அது. திரும்பும் நேரத்தைச் சொல்லுங்கள். டிக்ரியல் என்ற டேங்க் (முன்நின்று அடிதாங்கும் வீரர்) 6:15க்கு ஃபிளிக்கர் போட்டால் இரண்டு நிமிடம் கூட்டி, "டிக்ரியல் ஃபிளிக்கர், எட்டு பதினைந்து" என்று ஒரே மூச்சில் சொல்ல வேண்டும். வீழ்த்தும் அணிக்குத் துணை நிற்கும் பெரும் பூதமான லார்டு வருவது 8:00க்கு. ஆக, லார்டு வந்து முதல் 15 வினாடி டிக்ரியல் ஃபிளிக்கர் இல்லாமல் நிற்கிறார். அல்டி தயாராக இருந்தாலும் அவர் உங்கள் கண்ணெதிரேதான் நெருங்கி வர வேண்டும். நீங்கள் பரவி நின்றால் ஐவரையும் ஒரே இழுப்பில் வாரிச் சுருட்ட அவரால் முடியாது. ஃபிளிக்கரும் அல்டியும் சேர்ந்தால்தான் டிக்ரியலோ, அவரைப் போலவே ஆட்களை வாரி இழுக்கும் அட்லஸோ ஆட்டத்தை முடிக்கிறார்கள். இரண்டில் ஒன்று இல்லாத இடைவெளியில் சண்டையைத் தொடங்குவதுதான் ஈப்போக்காரர்கள் உங்களுக்குச் செய்துகொண்டிருப்பது.

ரெட்ரிபியூஷனுக்கும் இதே கணக்குதான். எதிரணி ஜங்ளர் (காட்டு விலங்குகளை வேட்டையாடுபவர்) 7:40க்கு ஒரு பஃப் (கொன்றவருக்குக் கூடுதல் பலம் தரும் விலங்கு) மீது அதைச் செலவழித்ததை யாராவது பார்த்தால், 8:15 வரை அவரால் அதைக் கொண்டு லார்டைத் தட்டிப் பறிக்க இயலாது. ஐவரும் சேர்ந்து அதற்குள் லார்டை முடிக்க முடியுமா என்பது உங்கள் அடிபலத்தைப் பொறுத்தது. முடியாது என்றால் முதலில் அந்த ஜங்ளரைத் துரத்துங்கள்.

நேரம் சொல்லும் வேலையை ரோமரிடம், அதாவது சுற்றித் திரிந்து மற்றவர்களுக்கு உதவுபவரிடம், கொடுங்கள். தங்கம் சேர்க்கும் சுமை அவருக்குக் குறைவு, வரைபடத்தில் அதிகம் சுற்றுபவரும் அவரே. மற்ற நால்வரும் தாம் பார்த்ததை அவரிடம் சொன்னால் போதும். கணினியில் லீக் ஆஃப் லெஜெண்ட்ஸ் ஆடுவோர், நம் ஃபிளிக்கர் போன்ற 300 வினாடி ஃபிளாஷின் நேரத்தை விசைப்பலகையில் தட்டிவைத்துக்கொள்கிறார்கள். கைப்பேசியில் இரண்டு கட்டைவிரலுக்கும் வேலை இருப்பதால் நமக்கு வாய்தான் கருவி. ஒரே லயத்து வீட்டுத் திண்ணையில் கூடி ஆடும் உங்களுக்கு அது இன்னும் வசதி.

யாரும் பார்க்காத ஸ்பெல் தயாராக இருப்பதாகவே வைத்துக்கொள்ளுங்கள். குஷன் என்ற வீரர் அல்டியை எடுத்தால் அவருடைய மற்ற ஸ்கில்கள் புதிதாகத் திரும்பிவிடும் என்பதும் நினைவிருக்கட்டும். கயிறு வீசிப் பறக்கும் ஃபேனியிடம் கூல்டவுன் பார்ப்பது வீண். அவருக்கு எரிசக்திதான் எல்லாம். அதன் செலவைக் குறைக்கும் ஊதா பஃப்பைப் பறித்தால் பாதி வேலை முடிந்தது.

பழக ஒரு வழி. 2024இல் ரியாத்தில் நம் சிலாங்கூர் ரெட் ஜயன்ட்ஸ் அணி மிட் சீசன் கப் வென்ற இறுதிச்சுற்று ஆட்டங்களின் பதிவை எடுங்கள். வர்ணனையின் ஒலியைக் குறைத்துவிட்டு, ஒரே ஒரு டேங்க் வீரரின் ஃபிளிக்கர் நேரத்தை மட்டும் தாளில் குறியுங்கள். அடுத்த சண்டை அந்த நேரத்திற்கு முன்பா பின்பா நடந்தது என்று பாருங்கள். பிறகு உங்கள் தோல்விப் பதிவுகளையும் அப்படியே பாருங்கள், வலித்தாலும். சொந்த ஆட்டத்தில் முதலில் ஒருவருடைய ஃபிளிக்கரை மட்டும் பின்தொடருங்கள். நாக்குக்குப் பழகியதும் இரண்டாமவரைச் சேர்க்கலாம்.

தோட்டத்துக்குள் இணைய இணைப்பு தடுமாறுவது தெரிந்த கதை. பிங் (இணைப்பின் தாமத அளவு) சிவப்பாகி நீங்கள் துண்டிக்கப்பட்டாலும் ஆட்டக் கடிகாரம் ஐவருக்கும் ஒன்றுதான். திரும்ப நுழைந்தவரிடம் "எட்டு பதினைந்து" என்றால் அவருக்கும் பொருள் புரியும். ஸ்டாப்வாட்சில் "இன்னும் நாற்பது" என்றால் எதிலிருந்து நாற்பது என்று அவர் விழிப்பார்.

செயலி: எதிரியின் கூல்டவுனையோ இருப்பிடத்தையோ திரையில் காட்டும் வெளிச் செயலிகள் விதிமீறல். பிடிபட்டால் கணக்கு முடக்கப்படும். போட்டியில் ஒருவர் வைத்திருந்தாலும் ஐவருக்கும் சிக்கல் வரலாம். அண்ணனின் கைப்பேசியில் ஏற்கெனவே ஏதாவது ஏற்றியிருந்தால், ஈப்போவுக்குப் பஸ் ஏறும் முன் நீக்கச் சொல்லுங்கள்.