நாப்பது சைட்டு, ஒரு பட்டன்

இந்த தடவை வந்த கேள்விங்கள்ல பாதிக்கு மேல வேர்ட்பிரஸ் (வெப்சைட் நடத்துற சாஃப்ட்வேர்), அதோட பிளகின் (கூடுதல் வசதிக்கு அதுல சேக்குற குட்டி சாஃப்ட்வேர்) பத்திதான். ஆம்பூர் கடிதத்தை கொஞ்சம் பெருசா எடுத்துக்கிட்டேன், மத்தவங்க கோச்சுக்காதீங்க.

கேள்வி: ஒரு ஷூ எக்ஸ்போர்ட் குரூப்ல ஐடி வேலை பாக்குறேன். யூனிட்டுக்கு ஒண்ணு, பிராண்டுக்கு ஒண்ணு, டிரஸ்ட் நடத்துற ஸ்கூலுக்கு ஒண்ணுன்னு மொத்தம் 41 வேர்ட்பிரஸ் சைட். ஒவ்வொண்ணா லாகின் பண்ணி பிளகின் அப்டேட் குடுக்குறதுலயே திங்கக்கிழமை போயிடுது. எல்லாத்தையும் ஒரே இடத்துல இருந்து பண்ண முடியுமா? பேசாம ஆட்டோ அப்டேட் ஆன் பண்ணி விட்டுடேன்னு எம்.டி. சொல்றார். (ஒரு வாசகர், ஆம்பூர்)

பதில்: முடியும் சார், தாராளமா முடியும். ஆனா டூல் பேரு சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குறேன், இந்த 41 எண்ணிப் பாத்த கணக்கா, ஞாபகத்துல இருந்து சொன்னதா? ராணிப்பேட்டை பக்கம் ஒரு கம்பெனியில இதே வேலைக்கு போய் உக்காந்தேன், 23 சைட்னு சொன்னாங்க, டொமைன் ரினியூவல் பில்லையும் ஹோஸ்டிங் பேனலையும் பக்கத்துல வச்சு டிக் அடிச்சுக்கிட்டே வந்தா 31ல போய் நிக்குது. எப்பவோ ஒரு எக்ஸிபிஷனுக்கு போட்ட சைட், டிசைனர் 'டெஸ்ட்'னு போட்டுட்டு மறந்து போன காப்பி, வேலைய விட்டு போனவர் பேர்ல ஒண்ணு. அதுல ரெண்டு மூணு சைட்டோட ஃபுட்டர்ல இன்னும் 'வேலூர் மாவட்டம்'னே இருந்துச்சு. ராணிப்பேட்டை, திருப்பத்தூர் எல்லாம் 2019ல தனி மாவட்டம் ஆயிடுச்சு, அப்போ அந்த சைட்டை அதுக்கப்புறம் ஒரு மனுஷன் தொடலனு தெரிஞ்சு போச்சு இல்லியா. உங்க ஆம்பூர் சைட்ங்கள்லயும் ஃபுட்டரை ஒரு நடை பாருங்க. உள்ள நுழையறவன் உங்க மெயின் சைட் வழியா வர மாட்டான், இந்த மாதிரி மறந்து போனது வழியாதான் வருவான், அது மெயின் சைட் இருக்குற அதே ஹோஸ்டிங் அக்கவுண்ட்ல வேற இருக்கும்.

லிஸ்ட் ரெடி ஆனதும் டூல். மெயின்டபிள்யூபினு ஒண்ணு இருக்கு, உங்க சொந்த சர்வர்லயே ஒரு டாஷ்போர்டு சைட் போட்டு, மத்த சைட்ங்கள்ல எல்லாம் அதோட சைல்டு பிளகினை போட்டா 41 சைட்டோட அப்டேட்டும் ஒரே ஸ்கிரீன்ல வரும். இன்னொண்ணு மேனேஜ்டபிள்யூபி, 2016ல கோடாடி வாங்கினது, இதுல டாஷ்போர்டு அவங்க பக்கம் இருக்கும், நீங்க அக்கவுண்ட் திறந்து சைட்ங்கள்ல அதோட பிளகினை போட்டா போதும். டெர்மினல் (கமாண்டை டைப் பண்ணி வேலை வாங்குற ஸ்கிரீன்) பழக்கம் இருந்தா டபிள்யூபி-சிஎல்ஐ, என் ஓட்டு இதுக்குதான். 41 சைட்டுக்கும் ஒரு அலியாஸ் (சுருக்கு பேர்) எழுதி வச்சுட்டா எந்த சைட்ல எந்த பிளகின் எந்த வெர்ஷன்னு ஒரே கமாண்டுல கொட்டிடும், ட்ரை-ரன் போட்டா அப்டேட் பண்ணாமலே என்னென்ன மாறும்னு காட்டும், வேணாம்கிற பிளகினை எக்ஸ்க்ளூட் பண்ணிக்கலாம். மல்டிசைட்டுக்கு (ஒரே வேர்ட்பிரஸ்லயே எல்லா சைட்டையும் நடத்துறது) மாத்திடலாம்னு யாராச்சும் சொல்வாங்க. பிளகின் ஃபைல் எல்லா சைட்டுக்கும் ஒண்ணுதான்ங்கறதால ஒரு தடவை அப்டேட் பண்ணா போதும், வாஸ்தவம், ஆனா விழுந்தா ஸ்கூல், ஃபேக்டரி எல்லாம் சேர்ந்து விழும். எனக்கு அதுல இஷ்டமில்ல.

இப்ப எம்.டி. சொன்ன ஆட்டோ அப்டேட். பிளகினுக்கு ஆட்டோ அப்டேட் பட்டன் வேர்ட்பிரஸ் 5.5 வெர்ஷன்ல, 2020ல வந்துச்சு. 2024ல வந்த 6.6ல இருந்து, ஆட்டோ அப்டேட் ஆகி சைட் ஃபேட்டல் எரர் அடிச்சா பழைய வெர்ஷனை அதுவே திரும்ப போட்டுக்கும். நல்ல ஏற்பாடுதான், ஆனா சைட் படுத்தாதானே அதுக்கு தெரியும்? சைட் நல்லா நிக்குது, வேலை மட்டும் நடக்கல, அதை யாரு பாக்குறது.

காட்பாடியில ஒரு நண்பர் ஆபீஸ்ல நடந்தது, தப்பு பண்ணது நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம், கெளம்புற அவசரத்துல 18 சைட்டையும் செலக்ட் ஆல் போட்டு அப்டேட் அமுக்கினேன், எல்லாத்துக்கும் பச்சை டிக், ஹோம் பேஜ் எல்லாம் ஜம்முனு திறக்குது, பஸ் ஏறிட்டேன். பதினோரு நாள் கழிச்சு அவங்க சேல்ஸ்ல இருக்குறவர் போன் பண்றாரு, "இன்னா சார், ஒரு என்கொயரி கூட வர்ல, சைட்டு கீதா இல்லியா?" போய் பாத்தா ஃபார்ம் நல்லா திறக்குது, பேரு நம்பர் எல்லாம் அடிச்சு அனுப்பினா 'நன்றி, விரைவில் தொடர்பு கொள்கிறோம்'னு மரியாதையா சொல்லுது, மெயில் மட்டும் போகல. மெயில் அனுப்புற பிளகின் அப்டேட்ல அதோட செட்டிங் பழைய நிலைக்கு போயிருக்கு. பதினோரு நாள்ல எவ்வளவு பேர் நம்பரை அடிச்சுட்டு காத்துக்கிட்டு இருந்தாங்களோ. அதுல இருந்து அப்டேட் முடிஞ்சா நான் ஹோம் பேஜை பாக்குறதே இல்ல, ஃபார்ம்ல என் நம்பரையே போட்டு அனுப்பி மெயில் வருதானு பாக்குறேன்.

உங்க தொழில்லயே பாருங்க, பையர் சாம்பிளை ஓகே பண்ணாம 10,000 ஜோடிக்கு கட்டிங் போடுவீங்களா? அதே மாதிரி மூணு சைட்டை சாம்பிளா வச்சுக்குங்க. பேக்கப் எடுத்துட்டு செவ்வாய்க்கிழமை காலையில அதுல மட்டும் அப்டேட், ஒரு நாள் பாத்துட்டு புதன்கிழமை மீதி. பேமெண்ட், ஃபார்ம், மெயில் சம்பந்தப்பட்ட பிளகினுக்கு ஆட்டோ அப்டேட் வேணாம், மத்த சில்லறைக்கெல்லாம் ஆன் பண்ணிடுங்க, எம்.டி.யும் சந்தோஷப்படுவார். ஆனா அந்த ஆட்டோ அப்டேட்டும் யாராச்சும் சைட்டுக்கு வந்தாதான் ஓடும், வேர்ட்பிரஸ்ஸோட கிரான் (நேரத்துக்கு வேலைய ஓட்டி விடுற ஏற்பாடு) அப்படி. ஆளே வராத சைட்ல அது தூங்கும், அதனால சர்வர் கிரான்ல இருந்து தட்டி எழுப்புற மாதிரி வச்சிடுங்க.

பெரிய ஓட்டைன்னு நியூஸ் வந்தா இந்த செவ்வாய் புதன் கணக்கெல்லாம் கிடையாது, அன்னிக்கே போடணும். 2024 நவம்பர்ல ரியலி சிம்பிள் செக்யூரிட்டினு 40 லட்சம் சைட்டுக்கு மேல இருந்த பிளகின்ல, டூ-ஃபேக்டர் (பாஸ்வேர்டுக்கு மேல ஓடிபி மாதிரி ரெண்டாவது பூட்டு) ஆன் பண்ணி வச்சிருந்தா பாஸ்வேர்டே இல்லாம அட்மினா உள்ள போற ஓட்டை. பாதுகாப்புக்கு போட்ட பிளகின்ல! வேர்ட்பிரஸ் காரங்களே வலுக்கட்டாயமா அப்டேட்டை தள்ளி விட்டாங்க.

கடைசியா அந்த டாஷ்போர்டு. 41 வீட்டு சாவியையும் ஒரே ஆணியில மாட்டுறீங்க சார். அதை பப்ளிக் சைட்ங்க இருக்குற ஹோஸ்டிங்ல வைக்காதீங்க, ஆபீஸ் ஐபி (ஆபீஸ் நெட் கனெக்ஷனோட நம்பர்) தவிர வேற எங்கயும் திறக்கக் கூடாது, டூ-ஃபேக்டர் கட்டாயம். பழைய ஸ்டாஃப் லாகினை இன்னிக்கே எடுத்துடுங்க.

கேள்வி: யூஸ் பண்ணாத பிளகினை எல்லாம் டீஆக்டிவேட் பண்ணி வச்சிருக்கேன். அதுக்கும் அப்டேட் போடணுமா? (ஒரு வாசகி, சத்துவாச்சாரி)

பதில்: போடாதீங்க, டெலிட் பண்ணுங்கம்மா. டீஆக்டிவேட் பண்ணாலும் ஃபைல் சர்வர்லயே கெடக்கும், நேரா அந்த ஃபைலோட அட்ரஸை அடிச்சு கூப்பிட முடியும். 2020 செப்டம்பர்ல ஃபைல் மேனேஜர் பிளகின்ல வந்த ஓட்டை இந்த ரகம்தான், 7 லட்சம் சைட்டுக்கு மேல போட்டிருந்தாங்க, பிளகின் எழுதினவங்களே உள்ள ஒரு சாம்பிள் ஃபைலை ஓடுற ஃபைலா பேர் மாத்தி விட்டுட்டாங்க, லாகின் இல்லாமலே யார் வேணா எதை வேணா அப்லோட் பண்ற நிலைமை. அந்த பிளகினோட 6.9 வெர்ஷன்ல சரி பண்ணாங்க.

கேள்வி: எங்க ஸ்லைடர் பிளகினுக்கு மூணு வருஷமா அப்டேட்டே வரல. அப்போ அது ஸ்டேபிளா இருக்குனுதானே அர்த்தம்? (ஒரு வாசகர், குடியாத்தம்)

பதில்: ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில்னு ஊர் ஊரா கிண்டல் கேட்டு வளந்த வேலூர் ஜில்லாவுல இருந்துக்கிட்டு இப்படி கேக்கலாமா? கோட்டை கோயிலுக்காவது 1981ல ஜலகண்டேஸ்வரர் திரும்பி வந்துட்டாரு, உங்க பிளகின் எழுதினவர் வர்ற மாதிரி தெரியல. காரணம் மூணுல ஒண்ணா இருக்கும். எழுதினவர் விட்டுட்டு போயிருக்கலாம். இல்ல, வேர்ட்பிரஸ் டைரக்டரியில (பிளகின் எல்லாம் கிடைக்கிற அவங்க பக்கம்) அதை மூடியே இருக்கலாம், மூடினா உங்க டாஷ்போர்டு ஒரு வார்த்தை சொல்லாது, நீங்கதான் அந்த பிளகின் பக்கத்துக்கு போய் பாக்கணும். இல்லனா அது காசு குடுத்து வாங்குற பிளகின், லைசென்ஸ் முடிஞ்சு போய் அப்டேட் உங்க வரைக்கும் வரல. தீமோட (சைட்டோட டிசைன்) சேத்து இலவசமா வந்ததுன்னா இன்னும் மோசம், 2014ல ரெவல்யூஷன் ஸ்லைடர் ஓட்டையில பல பேர் மாட்டினது அப்படித்தான், அந்த பிளகின் தங்க சைட்ல இருக்குறதே அவங்களுக்கு தெரியாது.

கேள்வி: எங்க ஆபீஸ்லயே எழுதின பிளகின், வெளிய யாருக்கும் குடுத்ததில்ல. திடீர்னு அதுக்கு 'அப்டேட் இருக்கு'ன்னு காட்டுது. எப்படி? (ஒரு வாசகர், காட்பாடி)

பதில்: அமுக்கிடாதீங்க! உங்க பிளகின் ஃபோல்டர் பேர்லயே வேற யாரோ ஒரு பிளகினை டைரக்டரியில போட்டிருக்காங்க, வேர்ட்பிரஸ் பேரை பாத்துட்டு ரெண்டும் ஒண்ணுன்னு நெனச்சுக்குது. அமுக்கினா உங்க கோடு போய் அவங்க கோடு வந்து உக்காரும். 2021ல வந்த வேர்ட்பிரஸ் 5.8ல இருந்து இதுக்கு வழி இருக்கு, பிளகினோட மெயின் ஃபைல் மேல பேர், வெர்ஷன் எழுதுற இடத்துல 'அப்டேட் யூஆர்ஐ'னு ஒரு வரி சேத்து உங்க கம்பெனி அட்ரஸை குடுத்துடுங்க, அப்புறம் டைரக்டரி அதுல தலையிடாது. ஏற்கனவே யாராச்சும் அமுக்கிட்டு இருந்தா பேக்கப்ல இருந்து அந்த ஒரு ஃபோல்டரை மட்டும் எடுத்து போட்டாலே பெரும்பாலும் போதும், முழு சைட்டையும் ரெஸ்டோர் பண்ணி நடுவுல வந்த ஆர்டரை தொலைச்சிடாதீங்க.