எல்லோரையும் எப்போது அழைக்கலாம்?

கேள்வி: குன்னூரில் ஒரு தேயிலைத் தொழிற்சாலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறேன். தொழிற்சாலை, தோட்டம், ஏலப் பிரிவு, கோவை விற்பனை அலுவலகம் என எல்லோரும் ஸ்லாக் என்ற அலுவலகச் செய்திச் செயலியில் ஒரே சேனலில் (குழுவில்) இருக்கிறோம். மேலாளர் எந்தத் தகவலானாலும் ‘@சேனல்’ போட்டே அனுப்புகிறார். இரவுப் பணி முடித்துத் தூங்குபவர்களின் போனும் ஒலிக்கிறது. அவரிடம் எப்படிச் சொல்வது?

பதில்: ‘@சேனல்’ போட்டால் சேனலில் உள்ள அத்தனை பேருக்கும் அறிவிப்பு போகும், அப்போது ஸ்லாக்கில் இல்லாதவர்கள் உட்பட. ‘@ஹியர்’ அந்த நேரத்தில் ஸ்லாக்கில் இருப்பவர்களை மட்டும் அழைக்கும். மதியக் கூட்டம் அரை மணி நேரம் தள்ளிப்போனதைச் சொல்ல அதுவே போதும். ஒருவரிடம் கேட்க வேண்டியதை அவர் பெயரைக் குறிப்பிட்டுக் கேளுங்கள்.

படிப்பவர்கள் எல்லோரும் அடுத்த ஒரு மணி நேரத்துக்குள் ஏதாவது செய்தாக வேண்டுமா? ஆம் என்றால்தான் ‘@சேனல்’. ஏல விலை, பிறந்தநாள் வாழ்த்து, விடுப்புப் படிவம் எல்லாம் சாதாரணச் செய்தியாகவே போகலாம்.

இதில் நான் கண்டிப்பாக இருப்பதற்குக் காரணம் உண்டு. இரவெல்லாம் இலை வாடுவதைக் கவனித்துவிட்டுக் காலையில் படுத்தவரை வாழ்த்துச் செய்திக்காக நான்கு முறை எழுப்பினால், அவர் சேனலையே மியூட் செய்துவிடுவார். அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் வடகிழக்குப் பருவமழையில் மலைப்பாதை அடைபடும்போது வரும் செய்தியும் அவரை எட்டாது. 2009 நவம்பர் மழையில் மண்சரிவுகளில் 40-க்கும் மேற்பட்டோரை இழந்த மாவட்டம் நம்முடையது.

அழைத்தால், செய்தி முழுமையாக இருக்க வேண்டும். “அனைவரும் கவனிக்கவும், சாலையில் பிரச்சினை” என்று எழுதினால் ஆளுக்கொரு கேள்வி கேட்பார்கள். இப்படி எழுதலாம்: “பர்லியாறு அருகே மண்சரிவு. குன்னூர்–மேட்டுப்பாளையம் சாலை மூடப்பட்டுள்ளது. கோவை லாரிகள் கோத்தகிரி வழியாக இறங்கவும். அடுத்த தகவல் 11 மணிக்கு.” எங்கே, என்ன, யார் என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அதிலேயே இருக்கிறது. படித்தவர்கள் பதில் எழுதாமல் ஒரு டிக் குறியிட்டால் போதும்.

‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் உள்ள போனை ‘@சேனல்’ எழுப்பாது. மலைப்பாதையில் சிக்னலும் விட்டுவிட்டுத்தான் கிடைக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் ஓட்டுநரைத் தொலைபேசியில் அழையுங்கள்.

மேலாளரிடம் சேனலில் எதுவும் எழுதாதீர்கள். பலர் முன்னால் சொன்னால் யாருக்குமே மனம் வருந்தும். தனியாகச் சந்தித்து, “சார், இரவு ஷிஃப்ட்டில் இருப்பவர்கள் பகலில் தூங்க முடியவில்லை. அவசரத்துக்கு மட்டும் ஒரு தனிச் சேனல் வைத்துக்கொள்ளலாமா?” என்று கேளுங்கள். குறையாகச் சொல்லாமல் யோசனையாகக் கேட்டால் பெரும்பாலும் ஒத்துக்கொள்வார்கள்.

‘@சேனல்’ போடும் உரிமையைச் சிலருக்கு மட்டும் என்று நிர்வாகி வரையறுக்கவும் முடியும். பேசிப் பார்த்துப் பலன் இல்லாவிட்டால் அதைச் செய்யலாம். அப்படிச் செய்தால் இரவுப் பணி மேற்பார்வையாளரின் பெயரைப் பட்டியலில் விட்டுவிடாதீர்கள். அதிகாலை 2 மணிக்குச் சாலை அடைபட்டால் முதலில் தகவல் வருவது அவருக்குத்தான்.